பிரிட்டன் ஸ்பவுஸ் விசா: கல்யாணத்துக்கு முன்பே பார்க்க வேண்டிய கணக்கு

லண்டன் மாப்பிள்ளை என்றதும் சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா என்றெல்லாம் விசாரிப்பார்கள். அவர் அங்கே எந்த விசாவில் இருக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெண்ணை அழைத்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

மாணவர் விசாவில் போனவர், 2024 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய படிப்பு என்றால், பிஎச்டி மாதிரி ஆராய்ச்சிப் படிப்போ அரசு நிதியுதவியில் நடக்கும் படிப்போ இருந்தால்தான் துணையை அழைக்க முடியும். ஒரு வருட எம்.எஸ்சி., எம்பிஏ எல்லாம் அந்தக் கணக்கில் வராது, ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு விசா வாங்கியவர்களுக்கும் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைக்க அனுமதி இல்லை, அதற்கு முன்பே அந்த விசாவில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐடி, பொறியியல், மருத்துவம் போன்ற பட்டதாரி நிலை வேலைக்கான ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவர் துணையை டிபென்டன்டாக, அதாவது தன்னைச் சார்ந்தவராக, அழைக்கலாம். அது தனி வழி, ஒப்பிட்டால் எளிய வழி, இங்கே அதற்குள் போகவில்லை.

நான் சொல்ல வந்தது ஸ்பவுஸ் விசா. அங்கே இருந்து அழைக்கும் துணை பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமை பெற்றவர், நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியவர், அல்லது அகதி அந்தஸ்து பெற்றவர் என்றால் இந்த வழி. யாழ்ப்பாணத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் போய்க் குடியுரிமை வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் ஊரில் பெண்ணோ மாப்பிள்ளையோ எடுக்கும்போது வருவது இதுதான். தமிழ்நாட்டிலிருந்து போய் நிரந்தர உரிமை வாங்கியவர்களுக்கும் இதேதான். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், நேரில் சந்தித்திருக்க வேண்டும், சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும்.

இந்த விசாவில் பலரும் சறுக்கும் இடம் வருமானம். அழைப்பவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு, வரி பிடிப்பதற்கு முன் உள்ள தொகை. 2012-லிருந்து 18,600 ஆக இருந்ததை 2024 ஏப்ரல் 11 அன்று இப்படி உயர்த்தினார்கள். 38,700 வரை ஏற்றப் போவதாக அப்போது சொன்னது பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது, ஆனால் அந்த எண் இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளோடு போனாலும் புதிய விண்ணப்பத்துக்கு அதே 29,000தான், முன்பு போல ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதல் தொகை கேட்பதில்லை. சென்னையிலோ கொழும்பிலோ இருந்து விண்ணப்பிப்பவர் வாங்கும் சம்பளம் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கில் சேராது. மாமனார் பொறுப்பேற்று எழுதிக்கொடுக்கும் கடிதமும் பொதுவாகச் சேராது. அழைப்பவர் மாற்றுத்திறனாளி உதவித்தொகையோ பராமரிப்பாளர் உதவித்தொகையோ வாங்குகிறார் என்றால் 29,000 வரம்பே கிடையாது, வீட்டு வாடகை போக மிஞ்சுவது குடும்பம் நடத்தப் போதுமா என்றுதான் பார்ப்பார்கள். இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருக்கும் குடும்பங்கள் உண்டு.

29,000 சம்பாதித்தால் மட்டும் போதாது, விதி கேட்கிற மாதிரி அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் ஆறு மாத சம்பளச் சீட்டு, அதே ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், முதலாளியின் கடிதம் ஆகிய மூன்றும் வேண்டும். சீட்டில் கைக்கு வருவதாகப் போட்டிருக்கும் தொகைதான் வங்கியில் வரவாகியிருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் என்றால் அந்த ஆறு மாதத்தில் எந்த மாதம் குறைவோ அந்த மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்குவார்கள். 29,000 என்பது மாதத்துக்கு ஏறக்குறைய 2,417 பவுண்டு. ஐந்து மாதம் 2,600 வாங்கியவர் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பில் ஊருக்கு வந்து கல்யாணம் முடித்துக்கொண்டு போய், அந்த மாதச் சீட்டில் 1,900 என்று வந்தால் அதிகாரி பார்ப்பது 1,900-ஐத்தான், வருமானம் 22,800 என்று ஆகிவிடும். கல்யாண லீவே விசாவைக் கெடுக்கும் கதை இது, கேட்டால் சிரிப்பு வரும், நடந்தவர்களுக்கு வராது. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு இப்படி இல்லை, ஆறு மாதச் சராசரியை எடுப்பார்கள்.

கடை, உணவகம், பெட்ரோல் பங்க் போன்ற இடங்களில் பாதிச் சம்பளத்தை வங்கியிலும் மீதியைக் கையிலும் வாங்கும் வழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. கையில் வாங்கியது கணக்கில் ஏறவே ஏறாது. சம்பளச் சீட்டில் முழுத் தொகையையும் காட்டி, வங்கியில் பாதிதான் வந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆகவே விண்ணப்பம் போட நினைக்கும் தேதிக்கு ஏழு மாதம் முன்பே முதலாளியிடம் பேசி முழுச் சம்பளத்தையும் வரி பிடித்து வங்கியில் போடச் சொல்லுங்கள். வரி போகும், பரவாயில்லை. நடுவில் வேலை மாறினால் ஆறு மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அல்லது வேறொரு கணக்குப்படி, இப்போதைய சம்பளம் 29,000 ஆகவும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் உண்மையில் வாங்கிய, வரி பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளமும் 29,000 ஆகவும் இருக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு முடிந்த வரி ஆண்டின் கணக்கு, அங்கே ஆண்டு ஏப்ரல் 5-இல் முடிகிறது. பெண் அழைப்பவராக இருந்து மகப்பேறு விடுப்பில் இருந்தால், விடுப்புக்கு முந்தைய சம்பளத்தைக் காட்ட விதியில் இடமுண்டு.

சேமிப்பைக் காட்டியும் போகலாம். 16,000 பவுண்டுக்கு மேல் உள்ள பணம்தான் கணக்கில் சேரும், வருமானமே இல்லை என்றால் 88,500 பவுண்டு வேண்டும். வருமானத்தில் 4,000 குறைகிறது என்றால் அதை இரண்டரையால் பெருக்கி 16,000-ஐக் கூட்டுங்கள், 26,000 பவுண்டு சேமிப்பு இருந்தால் சரியாகிவிடும். அந்தப் பணம் ஆறு மாதம் உங்கள் பெயரில், அல்லது துணையின் பெயரில், அசையாமல் இருந்திருக்க வேண்டும். அப்பா அன்பளிப்பாகக் கொடுத்தாலும் ஏற்பார்கள், கடன் என்றால் ஏற்க மாட்டார்கள், விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் வந்து விழுந்த பணத்தையும் ஏற்க மாட்டார்கள்.

அப்புறம் ஆங்கிலம். கேட்பது ஏ1 என்ற தொடக்க நிலை, பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் தேர்வில் இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்து, ஒரு தேர்வாளர் பதினாறு பதினேழு நிமிடம் பேசவைப்பார், குடும்பம், ஊர், சாப்பாடு என்கிற மட்டத்தில்தான் பேச்சு இருக்கும். இதற்குப் பயந்து கல்லூரிச் சேர்க்கைக்கான சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதி நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள் உண்டு. விசாவுக்கு அது செல்லாது, பிரிட்டன் விசாத் துறையான யுகேவிஐயின் அங்கீகாரம் உள்ள தேர்வு மையத்தில் எழுதியதுதான் செல்லும். பி.இ., பி.எஸ்சி. ஆங்கில வழியில் படித்தவருக்குத் தேர்வே தேவையில்லை, ஆனால் கல்லூரி முதல்வர் எழுதிக்கொடுக்கும் பயிற்றுமொழிச் சான்று தனியாகப் போதாது. யுகே எனிக் என்ற அமைப்பிடம் பணம் கட்டி, பட்டத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உறுதிச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றுக்கான கட்டணத்தையும் அலைச்சலையும் பார்த்தால் சிலருக்குத் தேர்வு எழுதுவதே சுலபம்.

இந்தியா, இலங்கை இரண்டுமே காசநோய்ப் பரிசோதனைப் பட்டியலில் உள்ள நாடுகள். பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்த சான்று மட்டும் செல்லும், அதற்கு ஆறு மாத ஆயுள். கர்ப்பிணி என்றால் எக்ஸ்ரேக்குப் பதில் சளிப் பரிசோதனை கேட்கலாம், முடிவு வர இரண்டு மாதம் வரை ஆகக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணத்தைப் பொறுத்தவரை, மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்பது சான்று ஆகாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும், 90 நாளுக்குள் செய்வது நல்லது, மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிந்துதான் தாலி என்பது பல வீடுகளில் வழக்கம் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. சான்றிதழ் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை, அதை விதி தடுக்கவில்லை. அவர்கள் பார்ப்பது, இது உண்மையான உறவா, கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் தொடர்பில் இருக்கிறார்களா என்பதைத்தான். மாதத்துக்குச் சில அரட்டைத் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்), அழைப்புப் பட்டியல், விமானச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், நிச்சயதார்த்தத்திலிருந்து சில படங்கள் போதும். ஐந்நூறு பக்கத்துக்கு வாட்ஸ்அப் அரட்டையை அச்சடித்து வைத்தால் யாரும் படிக்கப் போவதில்லை, அதில் மாமியார் சண்டையும் சேர்ந்து போய்விடும்.

தங்குமிடமும் காட்ட வேண்டும். உறவினர் வீட்டில் ஓர் அறை என்றாலும் சரிதான், அந்த அறை உங்கள் இருவருக்கு மட்டுமே ஒதுக்கியதாக இருக்க வேண்டும், வீட்டில் சட்டம் அனுமதிப்பதைவிட நெரிசல் இருக்கக் கூடாது, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

செலவைச் சொன்னால் தலை சுற்றும். 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்டு. அதோடு பிரிட்டன் அரசின் என்எச்எஸ் மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035. விசா 33 மாதத்துக்குத் தருகிறார்கள், இரண்டு ஆண்டு போக மிஞ்சும் ஒன்பது மாதத்தையும் முழு ஆண்டாக எண்ணி 3,105 வாங்கிவிடுவார்கள். ஆக முதல் நாளே 5,043 பவுண்டு. இரண்டரை ஆண்டு கழித்து நீட்டிப்பு, ஐந்து ஆண்டு முடிந்ததும் நிரந்தர உரிமைக்கான விண்ணப்பம் என்று எல்லாம் சேர்த்தால் அதே கட்டணங்களின்படி ஏறக்குறைய 12,000 பவுண்டு வரும், வக்கீல் கூலி தனி. ஏப்ரலில் கட்டணத்தை ஏற்றுவது அவர்கள் வழக்கம், அதனால் பணம் கட்டுமுன் அரசுத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது.

ஆன்லைனில் விண்ணப்பம், பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் கைரேகை, படம். சம்பளச் சீட்டும் வங்கி விவரமும் விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்குள் முடிபவையாக இருக்க வேண்டும், இதைத் தவறவிட்டு மறுப்பு வாங்கியவர்கள் ஏராளம். முடிவுக்குப் பன்னிரண்டு வாரம் என்று கணக்கு, அதுவும் தாண்டலாம். இந்தக் காத்திருப்பு தாங்காமல் ‘விசிட்டர் விசாவில் வந்துவிடு, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாற்ற முடியாது. விசிட்டராகப் போனவர் ஸ்பவுஸ் விசாவுக்கு ஊருக்குத் திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

மறுத்துவிட்டார்கள் என்றால் முதலில் மறுப்புக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். காகிதம் விடுபட்டது, ஒரு மாதச் சீட்டு குறைந்தது மாதிரிக் காரணம் என்றால் அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது பெரும்பாலும் சீக்கிரம் முடியும், ஆனால் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். கல்யாணமே பொய் என்றோ, எல்லாம் சரியாக இருந்தும் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றோ இருந்தால் மேல்முறையீடுதான் சரி. வெளிநாட்டில் இருப்பவருக்கு 28 நாள் அவகாசம், காகித விசாரணைக்கு 80 பவுண்டு, நேரடி விசாரணைக்கு 140. தீர்ப்பாயத்தில் மாதக்கணக்கில் இழுக்கும். போலிச் சம்பளச் சீட்டு, போலித் தேர்வுச் சான்று என்று பிடிபட்டால் பத்து ஆண்டுத் தடை வரை போகும், ‘எல்லாம் நான் பார்த்துக்கறேன்’ என்று சொன்ன ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது.

விசா கிடைத்தால் வேலை பார்க்கலாம், படிக்கலாம், என்எச்எஸ் மருத்துவம் பார்க்கலாம். அரசு உதவித்தொகை எதுவும் வாங்கக் கூடாது. இங்கே ஒரு விஷயத்தைப் பெண்ணைப் பெற்றவர்கள் அழுத்தமாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘நான் நினைத்தால் உன் விசாவைக் கேன்சல் பண்ணிடுவேன்’ என்று மிரட்டும் கணவர்கள் இருக்கிறார்கள். பிரிந்துவிட்டோம் என்று அவர் உள்துறைக்கு எழுதலாம், ஆனால் விசாக் காலத்தைக் குறைக்கும் அதிகாரம் உள்துறைக்கு மட்டுமே. வீட்டில் அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குதல் மாதிரிக் கொடுமையால் உறவு முறிந்தால், ஸ்பவுஸ் விசாவில் இருப்பவர் முதலில் மூன்று மாதத் தற்காலிகச் சலுகை கேட்கலாம், அதில் அரசு உதவித்தொகையும் தங்குமிடமும் பெற வழி உண்டு. அதற்குள் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம், இதற்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டாம், வருமானமும் ஆங்கிலத் தேர்வும் கேட்க மாட்டார்கள், கையில் பணமில்லை என்று காட்டினால் கட்டண விலக்கும் கிடைக்கும். ஊருக்குப் போய்வரலாம் என்று அழைத்துவந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு பெண்ணை இங்கேயே விட்டுவிட்டுப் போனாலும், 2024 ஜனவரி 31 முதல் ஊரிலிருந்தே இந்த வழியில் விண்ணப்பிக்கலாம். போலீஸ் புகார், மருத்துவரின் குறிப்பு, மிரட்டல் செய்திகளின் திரைப்பிடிப்பு ஆகியவற்றை அவர் கைக்கு எட்டாத ஓர் இமெயிலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், அந்தக் கடவுச்சொல் கணவருக்குத் தெரியாததாக இருக்கட்டும்.