ஹாரன் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா?

சேலம் ஐந்து ரோட்டில் சாலையைக் கடக்கும்போது ஹாரன் தெளிவாகக் கேட்கும். வண்டி வலமா இடமா என்று மட்டும் பிடிபடாது. வீட்டில் இதைக் கவனக்குறைவு என்பார்கள். ஒரு காது மந்தமானாலும் இப்படித்தான் இருக்கும். மற்றக் காதில் பேச்சு கேட்டுவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

நேர் வலப்புறமிருந்து வரும் சத்தம் வலக்காதை எட்டி, சுமார் 0.6 மில்லிநொடி கழித்துத்தான் இடக்காதை எட்டும். லாரி எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளில் மூளை இந்த நேர வித்தியாசத்தைக் கொண்டே பக்கத்தைக் கணிக்கிறது. சைக்கிள் மணி போன்ற கீச்சொலிகளைத் தலை மறைத்துவிடும்; அப்போது மறுபக்கக் காதில் சத்தம் குறைவதுதான் துப்பு. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைச் சொல்வது காது மடலின் மடிப்புகள். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி வண்டி ஓட்டினாலும் இந்தக் கணக்கு குழம்பும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் நல்ல காதுள்ளவர்களே ஏமாறலாம். எதிரே வரும் பஸ்ஸை மலை மறைத்திருக்கும்; ஹாரன் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் பாறைப் பக்கமிருந்து வருவதாகத் தோன்றும். அங்கே காதை நம்பித் திருப்பாதீர்கள். வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒட்டியே வளையுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அறைச் சுவர்கள் எதிரொலிக்கும் என்பதால் மொட்டைமாடி நல்லது. கண்ணை மூடி, தலையை அசைக்காமல் உட்காருங்கள். ஒருவர் செருப்பில்லாமல் சுற்றி நடந்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கட்டும். நீங்கள் கை காட்டுங்கள். இடம் மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு முறை போதும். முன்பின் மாறினால் கவலை வேண்டாம், எல்லோருக்கும் மாறும். இடம் வலம் திரும்பத் திரும்ப மாறினாலோ, எப்போதும் ஒரே பக்கம் கை போனாலோ ஆடியோகிராம் (கேள்வித்திறன் சோதனை) எடுத்துப் பாருங்கள்.

காரணம் வெறும் காதழுக்காகவும் இருக்கலாம். எண்ணெய் ஊற்றியோ பட்ஸ் விட்டோ குடையாதீர்கள். பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். குழந்தைக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருந்தால் இரு காதையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு காதின் நரம்புக் கேள்வித்திறன் அதில் போவதுண்டு.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் மந்தமானால் அது அவசரம். 'சளி, தானாகச் சரியாகும்' என்று காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நரம்பு சார்ந்த இழப்பானால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே பலன் தரும். அதிலும் முதல் சில நாட்கள் முக்கியம்.

இரு காதும் மந்தமானவர்கள், காசு மிச்சம் என்று ஒரு காதுக்கு மட்டும் மெஷின் வாங்குவார்கள். பேச்சு கேட்கும், திசை பிடிபடாது.