பாலீர்ப்பைக் குறிக்கும் பெயர்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

ஒருவருக்கு யார்மீது ஈர்ப்பு எழுகிறது, அவர் யாருடன் உறவு கொள்கிறார், தம்மை அவர் என்னவென்று சொல்லிக்கொள்கிறார் ஆகிய மூன்றும் வெவ்வேறு கேள்விகள். தன்பாலீர்ப்பாளர், எதிர்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் ஆகிய பெயர்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டுமே உறுதியாக விடையளிக்கின்றன. மற்ற இரண்டையும் பெயரிலிருந்தே ஊகித்துவிடலாம் என்று நாம் எண்ணும்போதுதான் பிழை நேர்கிறது. அமெரிக்காவில் 1992-இல் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், தம்மைத் தன்பாலீர்ப்பாளர் அல்லது இருபாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஆண்கள் 2.8 விழுக்காட்டினர். ஈர்ப்பு, உறவு, பெயர் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிலாவது தன்பால் நாட்டத்தைக் குறிப்பிட்ட ஆண்களோ ஏறத்தாழ 10 விழுக்காட்டினர்.

இந்த இடைவெளியின் விளைவை மருத்துவத்தில் நேராகக் காணலாம். நோய்த்தொற்று அபாயத்தை அறிய விரும்பும் மருத்துவர் "நீங்கள் தன்பாலீர்ப்பாளரா?" என்று கேட்டால், ஆண்களுடன் உறவு கொண்டும் அப்பெயரை ஏற்காத ஒருவர் உண்மையாகவே "இல்லை" என்பார், பரிசோதனை தவறிப்போகும். எச்.ஐ.வி. ஆய்வாளர்கள் பெயரைக் கேட்பதை விட்டு, நடத்தையைக் கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

பெயர்களுக்குப் பதிலாக அளவுகோல் ஒன்றை 1948-இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி முன்வைத்தார். முற்றிலும் எதிர்பால் நாட்டம் 0, முற்றிலும் தன்பால் நாட்டம் 6. இடையில் மற்ற நிலைகள். மனிதரை இரண்டு கூடைகளில் பிரித்துப் போடும் வழக்கத்தை அது அசைத்தது என்பதால் அதன் மதிப்பு பெரிது. ஆனாலும் ஒரு பாலின்மீதான ஈர்ப்பு கூடினால் மற்றதன்மீது குறைந்தே தீரும் என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. இருபாலர்மீதும் ஆழ்ந்த ஈர்ப்பு உள்ளவரையும், இருபாலர்மீதும் மெல்லிய ஈர்ப்பே உள்ளவரையும் அது ஒரே 3-இல் நிறுத்திவிடுகிறது. தன்பால் ஈர்ப்பையும் எதிர்பால் ஈர்ப்பையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று 1980-இல் உளவியலாளர் மைக்கேல் ஸ்டார்ம்ஸ் வாதிட்டார். ஏறத்தாழ 5 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வும், தன்பால் நடத்தையைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு இல்லை என்பதோடு, ஒற்றை நேர்க்கோட்டு அளவுகோல் போதாது என்றும் சுட்டிக்காட்டியது.

பெயர்கள் காலத்தோடு மாறவும் கூடும். உளவியலாளர் லிசா டயமண்ட் ஏறத்தாழ 80 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தம் பாலீர்ப்பைக் குறிக்கும் பெயரை ஒருமுறையேனும் மாற்றிக்கொண்டிருந்தனர். சிலர் எப்பெயரும் வேண்டாமென்று விட்டனர். இதைக் காட்டி, ஈர்ப்பைச் சிகிச்சையால் மாற்றிவிடலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அது மிகத் தவறான வாசிப்பு. தானாக நிகழும் மாற்றம் வேறு, வற்புறுத்தித் திணிக்கும் மாற்றம் வேறு. அத்தகைய 'சிகிச்சைகள்' பலனளிப்பதற்குச் சான்றில்லை. அவற்றுக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மிகுந்திருப்பது பதிவாகியிருக்கிறது.