செய்மதிக்கு எட்டாத கடல்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருகோணமலையில் நாம் எல்லோருமே அரைவாசி வானிலை அதிகாரிகள்தான். போனில் விண்டி என்ற வானிலைச் செயலியைத் திறந்து வங்காள விரிகுடாவில் சுழலும் நிறங்களைப் பார்த்து, "இந்தத் தாழமுக்கம் முல்லைத்தீவுப் பக்கம் போகும்", "இல்லை, நாகப்பட்டினம்தான்" என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். அது செய்மதிப் படம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, எங்கோ ஒரு பெரிய கணினி போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கைத் தொடங்குவதற்கு, இந்த நேரத்தில் காற்றும் கடலும் எப்படி இருக்கின்றன என்று யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்ல பலூன், விமானம், செய்மதி என்று நிறைய ஆட்கள் உண்டு. கடல்தான் சிக்கல். கடலின் மேல் மூன்று மீற்றர் நீரே முழு வளிமண்டலமும் பிடித்துவைக்கக்கூடிய அளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கும், சூறாவளிக்குத் தீனியும் அந்த வெப்பம்தான். ஆனால் செய்மதி அளக்கும் வெப்பநிலை கடலின் மேல்தோலுடையது, ஒரு மில்லிமீற்றர் அளவுக்குக்கூட அது உள்ளே போவதில்லை. பானை மூடியைப் பார்த்துவிட்டு உள்ளே எத்தனை பேருக்குச் சோறு இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

எங்கள் பக்கத்துக் கடலில் இது இன்னும் மோசம். சாதாரணமாக ஒரு சூறாவளி கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், தீனி குறையும், புயலும் கொஞ்சம் தளரும். வங்காள விரிகுடாவிலோ கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் மழையும் கொட்டும் நன்னீர், பாரம் குறைந்தது என்பதால், மேலே ஒரு படையாக நின்றுவிடுகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் அதை நம் கரை வரைக்கும் இறக்கிவிடும். அந்தப் படைக்குக் கீழே உப்பு கூடிய, ஆனால் இன்னும் சூடான நீர் இருக்கும், கலக்கினாலும் குளிர் லேசில் மேலே வராது. ஆக, மேற்பரப்பில் ஒரே 29 பாகை காட்டும் இரண்டு இடங்களில் ஒன்று புயலை அடக்கலாம், மற்றது வளர்த்துவிடலாம். எது எது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

அப்படி இறங்குபவை ஆர்கோ மிதவைகள். 1999 முதல் கடலில் விடப்படுகின்றன, இப்போது உலகம் முழுக்கச் சுமார் 4000. ஒரு சின்ன பையில் எண்ணெயை ஏற்றி இறக்கித் தன் பருமனை மாற்றிக்கொண்டு 1000 மீற்றர் ஆழத்துக்குப் போய் அங்கேயே பல நாள் மிதந்து திரியும், பிறகு 2000 மீற்றருக்கு இறங்கி, ஏறி வரும் வழியெல்லாம் வெப்பநிலையும் உப்பும் அளந்து, செய்மதிக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். ஒரு சுற்றுக்குப் பத்து நாள். இடைவெளி ஏறக்குறைய 300 கிலோமீற்றர் என்பதுதான் திட்டம், அதாவது நமக்கும் சென்னைக்கும் நடுவே ஒன்றோ இரண்டோ. கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மாடல், அதாவது அந்தப் பெரிய கணினியில் ஓடும் கணக்கு, அந்த ஒற்றை அளவை அந்த இடத்தோடு விட்டுவிடுவதில்லை. நேற்றைய கணக்கு இந்த இடத்தில் 27 பாகை என்றது, மிதவை 28 என்கிறது என்றால், இரண்டில் எதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று எடைபோட்டு நடுவில் ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு, அந்தத் திருத்தத்தைச் சுற்றியுள்ள நீருக்கும் பரப்பும்.

கடலுக்குள் இப்படி அளக்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1982 நல்ல உதாரணம். அந்த ஆண்டு மெக்சிக்கோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. மேலே பரவிய தூசிப்படலத்தால் செய்மதிகள் பசிபிக் கடலை உள்ளதைவிடக் குளிராகக் காட்டின, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் (நடுக்கோட்டுப் பசிபிக் வழமையைவிடச் சூடாகும் நிலை) ஒன்று உச்சத்தை நெருங்கும் வரை யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பிறகுதான் பசிபிக்கின் நடுக்கோட்டில் ஒரே இடத்தில் நிற்கும் நங்கூர மிதவைகளை வரிசையாகக் கட்டினார்கள், 1994இல் முடிந்தது. நமக்கென்ன என்று கேட்கவேண்டாம், எல் நினோ வருடங்களில் இலங்கைக்கு மாரி மழை பெரும்பாலும் கூடுதலாகவே கிடைக்கும். கந்தளாய் வயல்காரருக்கு அது சின்ன விஷயமா?

மிதவைகளின் பெறுமதியை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது: அதே மாடலை மிதவைத் தரவோடு ஒருமுறை, அதை மறைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. ஒரு மிதவையை எடுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மொத்தத்தையும் எடுத்தால் கடலின் உள்நிலை பற்றிய கணக்கு உண்மையிலிருந்து விலகத் தொடங்கும், வாரங்கள், மாதங்கள் தள்ளிச் சொல்லும் எதிர்வுகூறல் கெடும். நாளைய மழைக்கு வித்தியாசம் குறைவு, அதற்குக் காற்றின் அளவுகள்தான் முக்கியம். மிதவைக்காரர்கள் சிலர் இதை அடக்கி வாசிப்பதுண்டு.

இந்து சமுத்திரத்திலும் ராமா என்ற பெயரில் நங்கூர மிதவைகள் நிற்கின்றன. அவற்றின் எதிரி புயலைவிட மனிதர்கள்தான். மிதக்கும் எதற்கும் அடியில் மீன் கூடும் என்பது எங்கள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. படகைக் கொண்டுபோய் அதில் கட்டுவார்கள், வலை சிக்கும், கம்பி அறுந்துபோகும், உணரி உடையும். பழுதுபார்க்கும் கப்பல் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், அதுவரை அந்த இடத்தில் மாடல் தன் சொந்த ஊகத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.