வழுக்கும் தரையும் ஆர்-9 என்னும் மயக்கமும்

ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகே தரையைச் சோதிக்க எங்களை அழைக்கிறார்கள். அண்மையில் சென்ற கட்டடத்திலும் அதுவே நடந்திருந்தது. பொறுப்பாளர் டைல்ஸ் பெட்டியில் இருந்த ‘ஆர்-9’ என்ற குறியைக் காட்டி, “பதின்மூன்றுக்கு ஒன்பது வாங்கிய டைல்ஸ் எப்படி வழுக்கும்?” என்று கேட்டார். இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தரை எந்த அளவுக்கு வழுக்காது என்று சொல்லும் இந்த ஆர் அளவுகோல் தொடங்குவதே ஒன்பதில்தான். ஆர்-1 முதல் ஆர்-8 வரை எதுவுமே கிடையாது. ஜெர்மனியின் டின் 51130 தரநிலை வகுத்த முறையில், எண்ணெய் பூசிய சாய்தளத்தில் பாதுகாப்புக் காலணி அணிந்த ஒருவரை நடக்கவிட்டு, கால் நழுவும்வரை சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். 6 முதல் 10 பாகைக்குள் நழுவினால் ஆர்-9, 19 பாகை வரை தாங்கினால் ஆர்-10, 35 பாகையைத் தாண்டினால் ஆர்-13. எனவே, ஆர்-9 என்பது அந்த வரிசையின் மிகத் தாழ்ந்த படி. ஈரம் படாத உள்ளறைக்கு அது போதும், மழைநீர் வந்து சேரும் நுழைவாயிலுக்குப் போதாது. குளியலறைக்கு ஆர் எண்ணைக் கேட்பது இன்னும் பெரிய தவறு. வெறுங்காலுடன் சோப்பு நீரில் நடந்து ஏ, பி, சி என்று வகைப்படுத்தும் தனிச் சோதனை அதற்கென்றே இருக்கிறது.

இவையெல்லாம் ஆய்வகத்தில் புதிய டைல்ஸுக்குக் கிடைத்த முடிவுகள். பதித்துப் பல மாதம் பலர் நடந்து தேய்த்த தரைக்கு, அந்த இடத்திலேயே ஊசல் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் பொருத்திய ஊசல் ஈரத்தரையை உரசிச் செல்லும்போது கிடைக்கும் மதிப்பு 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு, 25 முதல் 35 வரை நடுத்தரம், 24-உம் அதற்குக் கீழும் அபாயம் அதிகம். உலர்ந்த நிலையில் மட்டும் சோதித்துத் தந்த அறிக்கையை ஏற்காதீர்கள். பளபளக்கும் தரைகூட உலர்ந்திருக்கும்போது பெரும்பாலும் தேறிவிடும்.

நாங்கள் வருவது தெரிந்ததும் அன்று காலையில் தரையைத் தேய்த்துக் கழுவி வைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மக்கள் அன்றாடம் நடக்கும் தரையைத்தான் நாங்கள் அளக்க வேண்டும். பல இடங்களில் டைல்ஸில் குறையே இருப்பதில்லை. அளவுக்கு மீறி ஊற்றிய சுத்திகரிப்புத் திரவம் சரியாக அலசப்படாமல் படலமாகத் தங்கியிருக்கும். குறிப்பிட்ட அளவில் கலந்து, நல்ல நீரால் அலசி, உலரும்வரை ஆட்களை நடக்கவிடாமல் தடுத்தாலே நிலைமை வெகுவாக மாறும்.

மெருகோ பூச்சோ போட்டால் மறுபடி சோதியுங்கள். படிக்கட்டின் விளிம்பை விட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில், ஈரத்திலா உலர்விலா, ஊசலில் காலணிக்குரிய 96 என்னும் கடின ரப்பரிலா வெறுங்காலுக்குரிய 55 என்னும் மென்மையான ரப்பரிலா சோதித்தார்கள் என்பது அறிக்கையில் இல்லாவிட்டால், அதைத் திருப்பி அனுப்பிவிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.