கிசான் பணம் நின்றால் புரோக்கரிடம் போகாதீர்கள்

உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான்: "ரெண்டாயிரம் நின்னு போச்சு சார், வி.ஏ.ஓ. நிறுத்திட்டாரு." மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் அந்த பி.எம். கிசான் பணம் வி.ஏ.ஓ. கையைக் கடந்து வருவதே இல்லை, ஐயா. டெல்லியிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது. ஏன் நின்றது என்பதை பி.எம். கிசான் இணையதளமே சொல்லும். பதிவு எண்ணைப் போட்டு, போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அடித்தால், இ-கே.ஒய்.சி. (ஆதார் வழி ஆள் சரிபார்ப்பு), நில இணைப்பு (உங்கள் நிலப் பதிவு சேர்ந்திருக்கிறதா), ஆதார் வங்கி இணைப்பு மூன்றுக்கும் 'யெஸ்', 'நோ' என்று காட்டும். இதைப் பார்த்துச் சொல்லத்தான் புரோக்கர் முந்நூறு வாங்குகிறார்.

இ-கே.ஒய்.சி.யை கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். நில இணைப்பு 'நோ' என்றால் சிட்டா, ஆதாரோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதல் வேலை வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும்தான். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

எல்லாரும் தடுக்கி விழுவது மூன்றாவதான ஆதார் வங்கி இணைப்பில். "பேங்க்ல ஆதார் குடுத்துட்டேனே!" குடுத்தது கே.ஒய்.சி.க்கு, அதாவது கணக்குக்காரர் நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த. மானியம் வர அது போதாது. ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் மானியக் கணக்காகப் பதிவாகியிருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அது. நகைக்கடனுக்காகவோ நூறு நாள் வேலைக்காகவோ இன்னொரு வங்கியில் கையெழுத்துப் போட்டபோது அது மாறியிருக்கலாம். பணம் அங்கே விழுந்துகொண்டிருக்கும், நீங்கள் இங்கே பாஸ்புக்கை வரி வரியாகத் தேடுவீர்கள். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பாருங்கள், எந்த வங்கி என்று வந்துவிடும். மாற்ற வேண்டுமானால் வேண்டிய வங்கியில் "மானியம் பெற ஆதார் இணைப்பு" என்று சொல்லி ஒப்புதல் படிவம் கொடுங்கள். வெறும் "ஆதார் லிங்க்" என்று கேட்டால் மறுபடி கே.ஒய்.சி.தான் செய்து அனுப்புவார்கள்.

இன்னொன்று. பயனாளி பட்டியல் ஆபீஸ் ரகசியம் என்று யார் சொன்னது? அதே தளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், ஊர் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரிசையாக வரும். ஓ.டி.பி. கூடத் தேவையில்லை. 2020ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் நிலமே இல்லாதவர்களைப் பட்டியலில் சேர்த்தார்கள்; மாநிலம் முழுக்க இப்படிச் சுமார் 110 கோடி ரூபாய் கிசான் பணம் போனது. ஊர்க்காரருக்குத்தான் தெரியும் யாருக்குக் காணி உண்டு, யாருக்கு இல்லை என்று. கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள்.

மற்ற மானியங்களையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். சொட்டுநீர்ப் பாசன மானியத்தில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். யாருக்குப் போனது என்று அறிய தகவல் உரிமை மனு போடுங்கள். வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி. "எனக்கு ஏன் தரவில்லை" என்று எழுதாதீர்கள், ஏன் என்பதற்குப் பதில் வராது. "இந்த ஊரில், இந்த நிதியாண்டில் மானியம் பெற்றவர் பெயர், சர்வே எண், பரப்பு, தொகை" என்று எழுதுங்கள். ஆதார் எண், கணக்கு எண் கேட்டுவிடாதீர்கள். அதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் மறுப்பார்கள். சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவே மானியப் பயனாளி விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது, அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும், அப்போது அந்தச் சான்றைத்தான் தேடுவீர்கள்.