குரங்கும் பழச்சாறும் பதவி உயர்வும்

"பதவி உயர்வு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. எனக்கு ஏதாவது கோளாறா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த பதவியாம். சம்பந்தமே இல்லாதது போலக் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாத பழைய கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். கடிகாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

கோளாறு எதுவும் இல்லை. மூளை அதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருட்களில் ஒன்று டோபமைன். அது 'இன்ப ரசாயனம்' என்று எங்காவது படித்திருப்பீர்கள். அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க்கில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் நடுமூளையில் இருக்கும் டோபமைன் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் தேடியது இன்பத்தை அல்ல. கை நடுங்கி நடை தடுமாறும் பார்க்கின்சன் நோயில் அழிவது இந்தச் செல்கள்தான் என்பதால், உடல் அசைவுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார். செல்கள் அசைவை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பழச்சாற்றுக்குத் துடித்தன.

மயிரிழை போன்ற மின்முனை ஒன்று செல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செல் துடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டிக்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது நொடிக்கு நாலைந்து டிக். திடீரென்று குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுகிறது. டிக்டிக்டிக்டிக் என்று ஒரு சரவெடி. இதுவரை ஆச்சரியமில்லை.

இப்போது சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கை எரியவிடுங்கள். பல முறை செய்தபின் குரங்குக்குப் பழகிவிடுகிறது. அப்போது விளக்கு எரிந்ததுமே சரவெடி வெடிக்கிறது. சாறு வரும்போது? ஒன்றுமில்லை. அதே சாறு, அதே நாக்கு, ஆனால் செல் பாட்டுக்கு நொடிக்கு நாலைந்து டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். விளக்கை எரித்துவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் இருந்தால், சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் செல் மௌனமாகிவிடுகிறது. வழக்கமான டிக்கும் கிடையாது. வராத ஒன்றுக்கு, அது வரவேண்டிய நேரத்தில், ஒரு செல் வாயடைத்துப் போகிறது! முதல் முறை டிக்குகளைப் புள்ளிகளாகக் காட்டும் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது, நடுவில் விழுந்திருந்த அந்த வெள்ளை இடைவெளியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை எனக்கு.

இந்தச் செல் இனிப்பை அளக்கவில்லை. கழித்தல் கணக்குப் போடுகிறது: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? இதை 1997-இல் பீட்டர் டயான், ரீட் மான்டேக் என்ற ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து ஷுல்ட்ஸ் எழுதினார். கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஒரு சூத்திரத்தோடு அது பொருந்திப்போனது. குரங்குக்குப் பழச்சாறு ஊட்டப் போகிறேன் என்று நிதி கேட்டு விண்ணப்பித்தால், 'உடனடிப் பயன் என்ன?' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

நம் வாசகருக்குச் சரவெடி எப்போது வெடித்திருக்கும்? உயர்வு வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்று. நாற்காலியில் உட்கார்ந்த நாள், எதிர்பார்த்த சாறு வந்த நாள். மிச்சம் பூஜ்யம். மூன்று வாரத்தில் புதிய சம்பளமே எதிர்பார்ப்பாகிவிடும்; அடுத்த முறை அது குறைந்தால் செல் பேசும், அதுவும் மௌனத்தால். பணத்தால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. வருமானம் கூடக்கூடப் பெரும்பாலானோர் சொல்லும் மகிழ்ச்சியும் கூடுகிறது என்றுதான் 2023-இல் கில்லிங்ஸ்வொர்த், கானமன் என்ற ஆய்வாளர்களும் கண்டார்கள். ஆனால் அதே அளவு இன்னொரு படி ஏற ஒவ்வொரு முறையும் வருமானம் இரட்டிப்பாக வேண்டும்.

அப்படியானால் ரசிப்பது எது? கென்ட் பெரிட்ஜ் என்ற மூளை ஆய்வாளர் எலிகளின் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார். எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்தாலும் தொடவில்லை. சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டதும் முன்போலவே நாக்கை நீட்டி உதட்டை நக்கின. விரும்பித் துரத்துவது வேறு, ருசிப்பது வேறு. ருசிப்பைக் கூட்டும் இடங்களில் ஒன்று எலி மூளையில் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர்தான். (கைபேசி, இனிப்பு போன்றவற்றைச் சில நாள் ஒதுக்கி வைப்பதை இன்று 'டோபமைன் விரதம்' என்று சிலர் விற்கிறார்கள். டோபமைன் வயிற்றில் சேரும் கழிவு அல்ல. அது உண்மையிலேயே வற்றினால் கை நடுங்கும், நடை உறையும்.)

கடிகாரத்துக்கு வருகிறேன். நண்பர்கள் இப்போது அவரிடம், "இவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களே, காசு வாங்கிக்கொண்டு செய்யலாமே" என்கிறார்களாம். 1973-இல் லெப்பர் என்ற உளவியலாளரும் சகாக்களும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைப் பிடித்தார்கள். சிலரிடம் மட்டும் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, கேட்பாரில்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் பேனாவோடு செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதிதான். சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை.

வாசகருக்கு இதைத்தான் எழுதினேன். நேற்று பதில் வந்தது. காசு விஷயத்தை இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஊசலுக்கு மேலே இருக்கும் மெல்லிய தகடு வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்தவே இரண்டு ஞாயிறு போய்விட்டது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பதவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.