டாக்காவிலிருந்து வரும் வீடியோவைப் பகிர்வதற்கு முன்

2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா பதவியை விட்டு நாட்டை விட்டே வெளியேறினார். அன்று சாயங்காலம் தொடங்கி நம் வாட்ஸ்அப் குழுக்களில் வங்கதேசப் பேச்சுதான். இந்துவான கிரிக்கெட் வீரர் லிட்டன் தாஸின் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. வீடு எரிந்தது நிஜம். வீட்டுக்காரர் கிரிக்கெட் வீரர் என்பதும் நிஜம். ஆனால் அது நராயிலில் உள்ள மஷ்ரஃபே மோர்தசாவின் வீடு. அவர் முன்னாள் அணித்தலைவர், ஹசீனாவின் அவாமி லீக் கட்சி எம்.பி., முஸ்லிம். சாத்கிராவில் கோயில் எரிகிறது என்று வந்த வீடியோவில் எரிந்தது ஓர் உணவகம். சட்டோகிராமில் நவக்கிரகக் கோயிலுக்குத் தீ வைத்ததாகச் சொன்ன வீடியோவில் எரிந்தது கோயிலுக்குப் பின்னால் இருந்த அவாமி லீக் அலுவலகம்.

நான் செய்திகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். 'இது உண்மையா?' என்று யாராவது அனுப்பும் வீடியோவின் இடமும் தேதியும் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மேலே சொன்ன மூன்றையும் கேட்டதும் சிலர், "அப்போ அங்கே இந்துக்களுக்கு எதுவும் ஆகவில்லை, எல்லாம் கட்டுக்கதை" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதுவும் தப்பு. அந்த ஆகஸ்ட் 5 முதல் 20 வரை சிறுபான்மையினரின் வீடுகள், கடைகள் என 1,068 இடங்கள் தாக்கப்பட்டதாக அந்த நாட்டின் பெரிய நாளிதழான பிரதோம் ஆலோ தன் செய்தியாளர்களை மாவட்டம் மாவட்டமாக அனுப்பிக் கணக்கெடுத்து எழுதியது. என்னைக் கேட்டால், பொய் வீடியோக்களால் அதிகம் நஷ்டப்பட்டவர்கள் இந்த வீட்டுக்காரர்கள்தான். நிஜமாகவே வீடு போனவர் வாயைத் திறந்தால், "இதுவும் அந்த லிட்டன் தாஸ் கதைதானே" என்று கேட்க ஆள் இருந்தது.

வங்கதேச விஷயத்தில் குடிமக்கள் எடுக்கும் வீடியோவையும் எழுதும் பதிவையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடவும் முடியாது. பல முக்கியமான சம்பவங்களில் நமக்கு இருக்கும் ஆதாரமே அதுதான்.

ரங்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 16, பேகம் ரோகேயா பல்கலைக்கழக வாசல். அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு எதிரான போராட்டத்தில் இருந்த மாணவர் அபு சையத், கையில் ஒரு குச்சியோடு இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார். எதிரே போலீஸ். சுடுகிறார்கள். அவர் தடுமாறுகிறார், குனிகிறார், மறுபடி நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறார், சரிகிறார். போலீஸ் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையோ, போராட்டக்காரர்கள் சுட்டதையும் கல் வீசியதையும் சொல்லி, அந்தச் சமயத்தில் ஒரு மாணவர் கீழே விழுந்தார் என்கிற மாதிரி எழுதியது. அங்கே இருந்தவர்களின் கேமராக்கள் வேறு கதை சொன்னதால் அறிக்கை நிற்கவில்லை. ஒரே சம்பவத்தை வெவ்வேறு பக்கங்களிலிருந்து எடுத்த காட்சிகளைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி, யார் எங்கே நின்றார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் காட்டியது.

இரண்டே நாளில் இணையத்தை வெட்டினார்கள். முதலில் கைபேசி இணையம், ஜூலை 18 இரவு பிராட்பேண்டும் போனது. மொஹாகாலியில் தரவு மையம் எரிந்துவிட்டது என்று அரசு காரணம் சொன்னது. பின்னால் வந்த இடைக்கால அரசின் விசாரணையில், மேலிடத்து உத்தரவின் பேரில் நிறுத்தப்பட்டது என்று தெரிந்தது. பிராட்பேண்ட் 23-ஆம் தேதிதான் மெல்லத் திரும்பியது, கைபேசி இணையம் 28-ஆம் தேதி. ஜூலையில் ஆட்கள் அதிகம் செத்த நாட்கள் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது.

எங்கள் வேலையில் இது ஒரு தனித் தலைவலி. வலை திரும்பி வந்ததும் ஐந்தாறு நாள் காட்சிகள் மொத்தமாகக் கொட்டின. 19-ஆம் தேதி எடுத்த வீடியோவின் மேல் 24 என்று பதிவேற்றத் தேதி இருக்கும். அதைப் பார்த்து 'ஊரடங்குக்குப் பிறகும் சுடுகிறார்கள்' என்று ஒருவர் எழுதுவார், 'தேதி பொய், ஆகவே வீடியோவும் பொய்' என்று இன்னொருவர் எழுதுவார். பதிவேற்றிய தேதியை வைத்துச் சம்பவத் தேதியைச் சொல்லவே கூடாது. நிழல், மழை, கடைகளின் கதவு, தொலைக்காட்சியில் பின்னால் ஓடும் செய்தி, இவற்றை வைத்துத்தான் நாளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கைபேசித் தலைமுறைக்கு முன்னால் அங்கே வலைப்பதிவுத் தலைமுறை ஒன்று இருந்தது. 2005 இறுதியில் சம்வேர் இன் என்ற வங்க மொழி வலைப்பதிவுத் தளம் வந்தது. மெஹ்தி ஹசன் கான் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கிய அப்ரோ விசைப்பலகை கையில் கிடைத்ததும், வங்க மொழியில் தட்டச்சு செய்வது யாருக்கும் இலவசமாகக் கைவந்தது. விலைவாசியிலிருந்து 1971 விடுதலைப் போரில் நடந்த போர்க்குற்றம் வரை எல்லாவற்றையும் எழுதினார்கள், சண்டை போட்டார்கள். 2013 பிப்ரவரி 5 அன்று டாக்காவின் ஷாபாக் சந்திப்பில் போர்க்குற்றவாளிகளுக்குத் தூக்கு கேட்டுக் கூட்டம் கூடியதற்கு அழைப்பு விடுத்தவர்களும் வலைப்பதிவர்கள்தான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொடுமை. பத்து நாளில் ரஜீப் ஹைதர் என்ற வலைப்பதிவர் மதத் தீவிரவாதிகளால் வெட்டிக் கொல்லப்பட்டார். 2015 பிப்ரவரி 26 அன்று புத்தகக் கண்காட்சியிலிருந்து மனைவியோடு வெளியே வந்த அவிஜித் ராய். மார்ச்சில் வாஷிகுர் ரஹ்மான், மே மாதம் சில்ஹெட்டில் அனந்த பிஜோய் தாஸ். அனந்தவின் கொலையைக் கண்டித்து நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தன்னை இரண்டு பேர் பின்தொடர்ந்ததாக நிலோய் நீல் பேஸ்புக்கில் எழுதினார். புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனால் எந்த நிலையத்திலும் வாங்கவில்லை, நாட்டை விட்டுப் போய்விடு என்று ஒரு அதிகாரி அறிவுரை சொன்னார் என்றும் அதிலேயே எழுதியிருந்தார். ஆகஸ்ட் 7 அன்று அவருடைய வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள்.

அரசு தன் பங்குக்குச் சட்டத்தைக் கையில் எடுத்தது. இதில் 2018-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜூலை 29 அன்று டாக்கா விமான நிலையச் சாலையில் பந்தயம் போட்டு ஓட்டிய பேருந்து ஏறி இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் தெருவில் இறங்கி, அமைச்சர்களின் வண்டியைக்கூட நிறுத்தி ஓட்டுநர் உரிமம் கேட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஹெல்மெட் போட்ட கும்பல் ஒன்று அவர்களை அடித்தது. அன்று ஒரு நடிகை பேஸ்புக் நேரலையில் வந்து, இரண்டு மாணவர்களைக் கொன்றுவிட்டார்கள், ஒருவன் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அழுதார். அது உண்மையில்லை, யாரோ சொன்னதைச் சொன்னார். அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் ராத்திரி புகைப்படக் கலைஞர் ஷஹிதுல் ஆலமை வீட்டிலிருந்து தூக்கிப் போனார்கள். அவர் அடிதடியை நேரில் நின்று படம் எடுத்தவர், பார்த்ததை அல் ஜசீராவில் பேசியவர். நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்தார். இந்த இரண்டு பேர் மீதும் பாய்ந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அதே 57-ஆவது பிரிவு. கேள்விப்பட்டதைச் சொன்னவருக்கும் கண்ணால் கண்டதைச் சொன்னவருக்கும் சட்டம் வதந்திக்காரர் என்ற ஒரே பெயரை வைத்தது.

அந்த அக்டோபரில் டிஜிட்டல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொரோனா காலத்தில் அரசை விமர்சித்துப் பதிவு போட்ட எழுத்தாளர் முஷ்தாக் அகமது அதில் கைதாகி, ஆறு முறை ஜாமீன் மறுக்கப்பட்டு, 2021 பிப்ரவரி 25 அன்று காஷிம்பூர் சிறையில் இறந்தார். இணையவழிக் கருத்தரங்கு ஒன்றைத் தொகுத்து வழங்கியதற்காக ஒரு பல்கலைக்கழக மாணவி ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023-இல் சட்டத்தின் பெயரை மாற்றினார்கள், சரக்கு பெரிதாக மாறவில்லை.

ஆகவே 'வதந்தியை ஒடுக்கக் கடுமையான சட்டம் வேண்டும்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அதற்காக வதந்தி சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை.

2012 செப்டம்பர் 29. காக்ஸ் பஜார் பக்கம் ராமு என்ற ஊர். பௌத்த இளைஞர் ஒருவரின் பேஸ்புக் கணக்கில் குர்ஆனை அவமதிக்கும் படம் இருக்கிறது என்று திரைப்பிரதி (ஸ்கிரீன்ஷாட்) ஒன்று கைபேசிக்குக் கைபேசி தாவியது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு டஜன் புத்த விகாரைகளும் ஐம்பது வீடு வரைக்கும் எரிந்தன. அந்தத் திரைப்பிரதியே ஒட்டுவேலை என்று டெய்லி ஸ்டார் நாளிதழ் பின்னால் விசாரித்து எழுதியது. நான்கு வருஷம் கழித்து பிராமன்பாரியா மாவட்டத்து நாசிர்நகரில் அதே கதை. இந்த முறை மாட்டியது சரியாக எழுதப் படிக்கத் தெரியாத ஓர் இந்து மீனவர். அந்தப் படம் அவர் கைபேசியிலிருந்து போகவில்லை என்று தடயவியல் சோதனை சொல்வதற்குள் கோயில்களும் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும் சூறையாடப்பட்டிருந்தன. அவரோ சிறையில் இருந்தார்.

2019-இல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பத்மா பாலத்துக்கு மனிதத் தலைகள் பலி கேட்கிறது, பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று கிளம்பியது. பால நிர்வாகமே மறுத்து அறிக்கை விட்டது. ஜூலை 20 அன்று டாக்காவில் தன் குழந்தையைச் சேர்ப்பது பற்றி விசாரிக்க ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போன தாயைப் பிள்ளை பிடிப்பவள் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அந்த அலையில் எட்டுப் பேர் செத்ததாகப் போலீஸ் சொன்னது. ஒருவர்கூடப் பிள்ளை பிடிப்பவர் இல்லை.

சரி, வீடியோ வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? முதலில் ஒலியை அணைத்துவிடுவேன். அலறலும் யாரோ பின்னால் சேர்த்த இசையும் சேர்ந்து கண்ணைக் கட்டிவிடும். ஒலி போனதும் தெரு தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் வண்டி எண். வங்கதேசத்து எண் பலகை முழுக்க வங்க எழுத்தில் இருக்கும். மேல் வரியில் 'டாக்கா மெட்ரோ' மாதிரி ஊர்ப் பெயர், கூடவே வண்டி வகைக்கு ஓர் எழுத்து, கீழே ஆறு இலக்கம். டபிள்யூ.பி. என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் அது மேற்கு வங்கம். கொல்கத்தாவில் நடந்த கலாட்டாவை டாக்கா என்று சொல்லி அனுப்புவது சர்வ சாதாரணம். டாக்கா ஆட்டோ பச்சை நிறத்தில், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிக் கதவோடு கூண்டு மாதிரி இருக்கும். அதை அங்கே சிஎன்ஜி என்பார்கள். கடைப் பலகையில் கைபேசி எண் இருந்தால் பாருங்கள், 01-இல் தொடங்கிப் பதினொரு இலக்கம் வரும். அசாம் வீடியோவும் அடிக்கடி இதில் கலக்கும், எழுத்து ஏறக்குறைய ஒன்று என்பதால். 'ர' எழுத்தைத் தேடுங்கள். வங்க எழுத்தில் அடியில் ஒரு புள்ளி, அசாமிய எழுத்தில் புள்ளி இல்லாமல் உள்ளே குறுக்குக் கோடு.

பதாகையில் தேதி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வங்க எண்ணில் 4 என்பது நம் கண்ணுக்கு 8 மாதிரியே இருக்கும், 7 என்பது 9 மாதிரி. 2024 என்று எழுதியதை 2028 என்று படித்துவிட்டு 'பதாகையே போலி' என்று நண்பர் ஒருவர் அடித்துப் பேசியிருக்கிறார்.

எழுத்துப் பதிவுக்கு எனக்கு ஒரு கணக்கு உண்டு. நேரில் நின்றவர் எழுதுவது சின்னதாக இருக்கும். எந்த முனையில் நின்றேன், எத்தனை மணி, யார் ஓடினார்கள், அதற்கப்புறம் கண்ணெரிச்சலில் எனக்குத் தெரியவில்லை என்று இருக்கும். ஊர்ப்பெயர் இல்லாமல் சாவு எண்ணிக்கை மட்டும் உருண்டையாக வந்தால் நான் நிறுத்திவிடுவேன். இது எல்லா நேரமும் சரியாக வரும் என்று இல்லை, ஆனால் நிதானிக்க வைக்கும். உள்ளூரிலேயே ரூமர் ஸ்கேனர், பேக்ட்வாட்ச் போன்ற சரிபார்ப்புக் குழுக்கள் நன்றாக வேலை செய்கின்றன. பக்கங்களை உலாவியின் மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தாலே விஷயம் புரியும்.

பலர் யோசிக்காத ஒன்று பாக்கி இருக்கிறது. வீடியோ உண்மையாகவே இருந்தாலும் அதில் இருக்கும் முகங்கள். 2024 ஜூலையில் டாக்கா தெருக்களில் இளைஞர்களை நிறுத்தி, கைபேசியைத் திறக்கச் சொல்லிப் படங்களைத் தேடினார்கள். எடுத்தவரின் பெயர், ஜன்னல், மாடியிலிருந்து தெரியும் எதிர்வீடு, இதெல்லாம் தேடுபவனுக்கு முகவரிதான். ஆட்சி மாறிவிட்டது என்று தைரியமாக இருக்கவும் முடியாது, நேற்று அடித்தவனைத் தேடி இன்று இன்னொரு கும்பல் வரும். நாங்கள் வெளியிடும்போது முகத்தை மறைக்கிறோம், எடுத்தவர் கேட்டால் பெயரையும் எடுத்துவிடுகிறோம். நீங்கள் குடும்பக் குழுவில் போடும்போது அவ்வளவு வசதி இருக்காது. பேசாமல் சுட்டியை மட்டும் போடுங்கள், வீடியோவை இறக்கிப் போடாதீர்கள். எழுதியவர் பயந்துபோய்ப் பதிவை நீக்கிவிட்டால் சுட்டியும் செத்துவிடும். இறக்கிய வீடியோவை அவரால் திரும்ப வாங்க முடியாது.